நன்றியுரை பக்கிரிசாமியின் பொங்கல்

கிள்ளானில் பக்கிரிசாமி வீடு எது என்று கேட்டால், எந்தப் பக்கிரிசாமி என்று திருப்பிக் கேட்பார்கள். நன்றியுரை பக்கிரிசாமி என்றால் உடனே வழி சொல்லிவிடுவார்கள். துறைமுகத்தில் கிடங்குக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலையைப் பற்றி அவரே அதிகம் பேசுவதில்லை. அது சம்பளத்துக்காகப் பார்த்தது. அவர் பிறவி எடுத்தது நன்றியுரை ஆற்றுவதற்கு.

கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, இரத்ததான முகாம் என்று எதுவானாலும் நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியில் அவர் பெயர் இருக்கும். ஒற்றுமைக் கழகம் என்று ஒன்று இருந்தது. தலைவர் நாற்காலிக்கு அடித்துக்கொண்டு அது இரண்டாகப் பிளந்தபோது, இரண்டு ஒற்றுமைக் கழகங்களும் நன்றியுரைக்கு அவரையே கூப்பிட்டன. அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கையில் துண்டுக் காகிதம்கூட வைத்துக்கொள்ள மாட்டார். டான்ஸ்ரீ முதலில், அப்புறம் டத்தோஸ்ரீ, அப்புறம் டத்தோ, அதற்கும் கீழே பட்டத்துக்குக் காத்துக்கொண்டிருப்பவர்கள். வரிசை பிசகியதே இல்லை. ஒலிபெருக்கிக்காரர், நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவர், வாசலில் சந்தனம் கொடுத்த பெண்பிள்ளைகள் எல்லாரையும் தொட்டுக்கொண்டு வந்து, "மழை பெய்யாமல் ஒத்துழைப்பு நல்கிய வருண பகவானுக்கும்" என்று முடிப்பார். மழை கொட்டினால் "மண்ணைக் குளிர்வித்த வருண பகவானுக்கும்" என்பார். எப்படியும் வருண பகவானுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிடும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். "அடுத்து நன்றியுரை" என்று அறிவித்ததும் சனம் மொத்தமும் எழுந்துவிடும். பின்கட்டில் பிரியாணி அண்டாவைத் திறக்கும் சத்தம் கேட்கும். வீட்டுக்கு தாபாவ் பொட்டலம் கட்டிக்கொண்டு போக வேண்டியவர்கள் முந்திக்கொண்டு ஓடுவார்கள். எழுந்து ஓட முடியாத சில பெரியவர்களும், மேடையில் மாட்டிக்கொண்ட தலைவரும்தான் மிச்சம். கூடவே, முதல் வரிசையில் அவர் மனைவி தங்கமணி. அவள் ஒருநாளும் பாதியில் எழுந்து போனதில்லை. தன் பேச்சின் மேல் அவளுக்கு அவ்வளவு பிடித்தம் என்று பக்கிரிசாமி நம்பியிருந்தார். கார் சாவி அவர் சட்டைப்பையில் இருந்ததுதான் காரணம் என்பது தங்கமணியின் கட்சி.

அந்த வருஷம் பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஒற்றுமைக் கழகம், அதாவது இரண்டில் பெரியது, அன்று காலையிலேயே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் பொங்கல் விழா வைத்தது. ஆகையால் பக்கிரிசாமி வீட்டுப் பொங்கல் சாயங்காலத்துக்குத் தள்ளிப் போனது. நாள்காட்டியில் மாலையிலும் ஒரு நல்ல நேரம் இருப்பதை அவர்தான் தேடிக் கண்டுபிடித்தார்.

"நாம சூரியனுக்குப் பொங்குறோமா, உங்க கழகத்துக்குப் பொங்குறோமா?" என்றாள் தங்கமணி.

"சூரியன் சாயந்தரமும் இருக்கும்லா. ஒய்பி காலையில மட்டுந்தான் இருப்பாரு."

மக்கள் பிரதிநிதியான அந்த ஒய்பி காலையிலும் இல்லை. அவருக்காகக் கும்மியை இரண்டு தடவை ஆடினார்கள். கோலாட்டப் பிள்ளைகள் கோலைக் கீழே வைத்துவிட்டு மைலோ குடித்தார்கள். உச்சிவெயிலில் ஒருவழியாக வந்து சேர்ந்தவர், மாலையும் பொன்னாடையும் வாங்கிக்கொண்டு, தாய்மொழியை மறக்கக் கூடாது என்று அழகான ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். பிறகு மேடையிலேயே பொங்கல் வைத்தார்கள். மண்டபத்தில் தீ மூட்ட அனுமதி கிடையாது. அதனால் மூன்று செங்கல், அவற்றின் மேல் மஞ்சள் கட்டிய மண்பானை, பானைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் ஒரு ரைஸ் குக்கர். ஒய்பி பானையில் பால் ஊற்றினார். அறிவிப்பாளர் உஷாராணி ஒலிவாங்கியில் "பொங்கிருச்சு!" என்று அறிவித்தாள். சபை முழுக்க "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது. பானையில் பால் சில்லென்றுதான் இருந்தது.

பக்கிரிசாமி மேடைப் படியில் தயாராக நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். உஷாராணி அவரிடம் வேகமாக வந்தாள்.

"அங்கிள், சாரி லா. அடுத்து இங்க ஒரு கல்யாண ரிசெப்ஷன். டெக்கரேஷன்காரங்க வந்துட்டாங்க. நன்றியுரைய வாட்ஸ்அப் குரூப்ல போட்டுருவோம். நீங்க ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிருங்க, நான் ஃபார்வர்ட் பண்ணிர்றேன்."

"வாய்ஸ் மெசேஜா?" என்றார் பக்கிரிசாமி. அதற்குள் யாரோ ஒலிவாங்கியைக் கழற்றி, கம்பியைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று அவர் பிரியாணியைத் தொடவில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானுக்குத் திரும்பினார்கள். ஷா ஆலம் தாண்டியதும் தங்கமணியிடம் கேட்டார்.

"நன்றி சொல்லாம முடிச்சா அது விழாவா?"

"எல்லாரும் நன்றியோடதான் சாப்பிட்டாங்க. நான் பாத்தேன்" என்றாள் தங்கமணி.

சாயங்காலம் மகள் மாதவி பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்துவிட்டாள். கூடவே கணவன் ஐங்கரன், மகள் நிலானி, ஐங்கரனின் பெற்றோர் சிவசம்பு, சிவமலர். சிவசம்பு அரசாங்கத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாண வம்சாவளிக்காரர். விசிறி மடிப்பு வேட்டியில் இருந்தாலும் கோப்பில் கையெழுத்துப் போடப் போகிறவர் மாதிரியே உட்காருவார்.

"என்ன சம்பந்தி, சூரியன் வீட்டை போற நேரத்திலயோ பொங்கிறது?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார்.

வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் தங்கமணி கோலம் போட்டு, செங்கல் அடுக்கி, விறகு வைத்திருந்தாள். எதிர்வீட்டு லிம் அங்கிள் புகை படாமலிருக்கத் தன் காரைத் தானாகவே தள்ளி நிறுத்தினார். பக்கத்து வீட்டு மலாய் அக்கா காக் ஸைனாப் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "சுடா நாயிக் காஹ்?" என்று, பொங்கிவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பால் நிஜமாகவே பொங்கி வழிந்து நெருப்பில் சுர்ரென்றது. நிலானி தட்டைக் கரண்டியால் அடித்தாள். எல்லாரும் கத்தினார்கள். சாமிக்குப் படைத்துக் கும்பிட்டு, கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் பக்கிரிசாமி எழுந்து சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். காலையில் சொல்ல முடியாமல் போன நன்றியுரை நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே…"

"அப்பா! என்ன பண்றீங்க?" என்றாள் மாதவி.

"ரெண்டே நிமிஷம் மா."

அவருடைய வாழ்நாளிலேயே இப்படி ஒரு சபை வாய்த்ததில்லை. சாப்பாடு முழுவதும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. யாரும் எங்கேயும் ஓட முடியாது.

"முதற்கண், இந்நாட்டின் ரயில்வேயைக் கட்டிக் காத்த பரம்பரையின் வாரிசு, உயர்திரு சிவசம்பு அவர்களுக்கு…"

சிவசம்பு மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். ஆனால் தவறான தகவலை அனுமதிக்க அவர் மனம் ஒப்பவில்லை. "கட்டினது உங்கட பாட்டன். எங்கட பாட்டன் ஸ்டேஷன் மாஸ்டர்."

"தண்டவாளம் இல்லேன்னா எந்த ஸ்டேஷனுக்கு மாஸ்டரு?"

"பச்சைக் கொடி காட்டாட்டி உங்கட தண்டவாளத்தில ரயில் ஓடுமோ?"

"ரெண்டு பேரும் இப்ப கார்லதான் திரியிறீங்கள்" என்றார் சிவமலர். "பிள்ளைக்குப் பசிக்குது. கெதியாச் சொல்லி முடியுங்கோ."

பக்கிரிசாமி வேகத்தைக் கூட்டினார். சிவமலருக்கு நன்றி. மருமகனுக்கு, மகளுக்கு, பேத்திக்கு நன்றி. குலதெய்வத்துக்கு நன்றி. லிம் அங்கிளுக்கும் காக் ஸைனாப்புக்கும் நன்றி. விறகுக் கடைக்காரருக்கு நன்றி. வருண பகவானும் வந்து போனார்.

"இறுதியாக…" என்று திரும்பினார்.

அவருக்குப் பின்னால் சமையலறையில் தங்கமணி கரண்டியோடு நின்றிருந்தாள். நெற்றியில் கரி. புடவை முந்தானையில் பால் தெறித்த கறை. எந்தப் பதவியைச் சொல்லி இவளை அழைப்பது? "அறுசுவை விருந்து படைத்த" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதைக் கேட்டரிங்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது. இன்று இவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று யோசித்தார். தெரியவில்லை. காலையில் தான் போட்டுக்கொண்டு போன ஜிப்பா கட்டிலின் மேல் இஸ்திரி போட்டு மடித்து இருந்தது மட்டும் நினைவு வந்தது. அது தினமும் அங்கே அப்படித்தான் இருக்கும். தானாக மடித்துக்கொள்ளும் துணி என்று நினைத்தோமா என்று அவருக்கே வெட்கமாகப் போனது. இத்தனை வருஷ மேடையில் அவர் பேச்சு நின்றது அதுதான் முதல் தடவை.

"தங்கமணி," என்றார் கடைசியில். "நன்றி."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"இதத்தானே நாற்காலிக்காரருக்கும் சொல்றீங்க" என்றாள் தங்கமணி.

ஐங்கரன் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீரைக் குடித்தான். தங்கமணி கரண்டியை மாதவியிடம் கொடுத்தாள்.

"இருங்க, நானும் பேசிர்றேன். முதல்ல சம்பந்தியம்மாவுக்கு. மாதவி பிள்ளை பெத்தப்ப நான் டெங்கியில படுத்துட்டேன். எம் பொண்ணுக்குப் பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போட்டு, ராத்திரி முழிச்சிருந்து பாத்தது அவங்கதான். அவங்களுக்கு நான் இதுவரைக்கும் வாய் திறந்து சொன்னதில்ல. என்னைய அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது காக் ஸைனாப். இவரு ரவாங்ல நன்றியுரையில இருந்தாரு."

பக்கிரிசாமி தரையைப் பார்த்தார்.

"சாமிக்கு. சூரியனுக்கும், சாயந்தரம் வரைக்கும் காத்திருந்ததுக்கு. அப்புறம் இவருக்கு. ஞாயித்துக்கிழமையானா வீட்ல இல்லாம இருந்ததுக்கு. அந்த நிம்மதியிலதான் இந்தக் குடும்பம் ஓடுச்சு. அவ்ளோதான். இலையில தண்ணி தெளிங்க."

சிவமலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை இன்னும் போகவில்லை என்றார். சிவசம்பு கைதட்டினார்.

"நல்ல பேச்சு. சுருக்கம், ஆனா விஷயம் இருந்தது."

காலையில் மண்டபத்தில் பட்டதைவிட இது பக்கிரிசாமிக்கு அதிகமாகச் சுட்டது. ஆனாலும் உட்கார்ந்து சாப்பிட்டார். சர்க்கரைப் பொங்கலை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். பசி ஒரு பக்கம் என்றால், அதில் போட்டிருந்த முந்திரி பொன்னிறம் மாறாமல் வறுபட்டிருந்ததை அன்றுதான் கவனித்தார். நல்லா இருக்கு என்று தங்கமணியிடம் சொன்னார். சபையைப் பார்க்காமல், அவளை மட்டும் பார்த்துச் சொன்னார்.

இத்தோடு விட்டிருந்தால் தேவலை. மறுநாளிலிருந்து அவர் வீட்டிலும் நன்றி சொல்ல ஆரம்பித்தார். காப்பிக்கு நன்றி, துவைத்த துண்டுக்கு நன்றி, விசிறியைப் போட்டதற்கு நன்றி. குழம்பில் உப்புத் தூக்கலாக இருந்த அன்றும் "சுவையைத் தாராளமாக வழங்கிய" என்று தொடங்கினார். தங்கமணி பொறுத்துப் பார்த்தாள்.

"ஐயா சாமி, கும்பிடுறேன். வாரத்துக்கு ஒண்ணு போதும். மிச்ச நாள் அந்தத் தட்டைக் கழுவி வைங்க."

தட்டைக் கழுவினார். முதலில் இரண்டு உடைந்தன. பிறகு கை பழகிவிட்டது. உஷாராணி கேட்ட வாய்ஸ் மெசேஜை அவர் அனுப்பவேயில்லை. அனுப்பவில்லை என்பதைக் குரூப்பில் யாரும் கவனிக்கவுமில்லை. இரண்டு கழகங்களும் இன்னும் கூப்பிடத்தான் செய்கின்றன. சிலதுக்குப் போகிறார், சிலதுக்கு வீட்டில் வேலை இருக்கிறது என்கிறார். அந்தக் காரணத்தைக் கேட்டு இரண்டு தலைவர்களுமே அவருக்கு உடம்புக்கு என்னவோ ஏதோ என்று விசாரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இப்போது தங்கமணியோடு பாசாருக்குப் போகிறார். அங்கே மீன் விற்கும் ஆ ஹெங்கிடம் மீனைச் சுத்தம் செய்து வாங்கியதும் அவருக்குச் சும்மா நகர முடியவில்லை. நல்ல மலாயில் நன்றி தொடங்குகிறார். மீனுக்கு, மீனைத் தூக்கி வந்த லோரிக்கு, ஐஸ் கட்டிக்கு, கடலுக்கு. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. அவரை அனுப்பி வைக்க வேறு வழி தெரியாமல் ஆ ஹெங் ஒரு கை இறாலை அள்ளிச் சும்மா போடுகிறார். தங்கமணி பையை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்துப் பிடித்துக்கொள்கிறாள்.