விற்க வேண்டாமென்று பூ சொன்ன கார்

செய்தி வந்தபோது காலை பத்தேகால் மணி. மதுரைக் காளவாசலில் விருமாண்டி வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீசுக்கு உசிலம்பட்டியிலிருந்து டிரங்க்கால் வந்தது. பேசியவன் மைத்துனன் காளை. அய்யாவுக்கு மூச்சு இழுக்கிறது, நினைவு தப்பவில்லை, அக்கா வந்து ஒரு வாய் பால் ஊற்றிவிட்டால் நல்லது என்றான். "கார்லயே வந்துருங்க மச்சான், வெரசா" என்று வைத்துவிட்டான்.

விருமாண்டிக்குக் கவலை வந்தது. மாமனாரை நினைத்துக் கொஞ்சம், காரை நினைத்து மிச்சம்.

அது பழைய அம்பாசடர். ஒரு டாக்டர் ஓட்டி, பிறகு ஒரு ரைஸ்மில்காரர் ஓட்டி, மூன்றாவதாக இவரிடம் வந்தது. வந்த நாலு வருடத்தில் மாற்றாத சாமான் ஹாரன் ஒன்றுதான். "இது காரு இல்லண்ணே, எனக்கு வர்ற பென்சனு" என்பான் மெக்கானிக் சோணை. வெயில் ஏறிவிட்டால் பெட்ரோல் பம்ப் சூடாகி வண்டி நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, அது ஆறும் வரை ரோட்டோரம் காத்துக் கிடக்க வேண்டும். ஆனாலும் மாமனார் தவசிக்கு அந்தக் கார் என்றால் உயிர். மருமகன் ஊருக்கு வந்தால் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, செக்கானூரணி வரை ஒரு நடை போய்வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

மாசி மாதம் கியர்பாக்ஸ் போனபோது, போதும், விற்றுவிடுவோம் என்றாள் மனைவி அன்னக்கொடி. சோணையும் அதையே சொன்னான். கோரிப்பாளையத்துச் சிக்கந்தர் பாய் வந்து பார்த்து, எப்போது கொடுத்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். விருமாண்டிக்கு மனம் வரவில்லை. கருப்பசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம், சாமி சொன்னபடி செய்வோம் என்றார். அவள் உடனே சரி என்றாள். எடுக்கும் பொட்டலத்தில் செவ்வரளி வந்தால் விற்பது, நந்தியாவட்டை வந்தால் வைத்துக்கொள்வது.

பூவை இலையில் மடித்துக் கட்டியது விருமாண்டி. கோயில் கிணற்றடியில் தனியாக நின்று, இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினார்.

அன்னக்கொடி கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளைப் பூவைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சரி, இனிமே அதப்பத்திப் பேச்சில்ல" என்றாள். மற்றப் பொட்டலத்தை அவர் கிணற்றில் போட்டார். ஒரு காருக்காகச் சொன்ன சின்னப் பொய்தானே என்று அன்றைக்குத் தோன்றியது.

இப்போது சித்திரைக் கடைசி. நாகமலைப் புதுக்கோட்டை தாண்டியதும் கார் முதல்முறை நின்றது. ஈரத்துணி போட்டுக் கால்மணி நேரத்தில் கிளம்பினார்கள். செக்கானூரணிக்கு ஒரு மைல் இருக்கும்போது மறுபடி நின்றது. கொண்டு வந்த தண்ணீரையெல்லாம் ஊற்றியாயிற்று. உசிலம்பட்டி பஸ் ஒன்று தூரத்தில் வந்தது. அன்னக்கொடி ரோட்டுக்கு ஓடினாள்.

"நான் பஸ்ஸுல போறேன். நீங்க பைய வாங்க."

"மருமகன் இல்லாம நீ மட்டும் போயி எறங்குனா என்ன நெனப்பாக? இந்தா, கெளம்பிரும். பத்தே நிமிசம் பொறு."

அவள் பஸ்ஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் நிற்க இடமில்லாமல் நிரம்பி வந்து நிறுத்தாமல் போனது. கார் கிளம்ப ஒரு மணிக்கு மேல் ஆனது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம் விலகி வழி விட்டது. தவசியின் மூச்சு அடங்கியிருந்தது. அன்னக்கொடி உள்ளே போய் விழுந்து அழுதாள். காளை விருமாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டான். குற்றம் சொல்லும் குரலில்லை அவனுக்கு.

"கார் சத்தம் கேக்குதா, கார் சத்தம் கேக்குதான்னு மூணு வாட்டி கேட்டாரு மச்சான். அப்புறம் கேக்கல."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மதுரை திரும்பினார்கள். மறுநாளே சிக்கந்தர் பாய்க்குச் சொல்லி அனுப்பப் போனார் விருமாண்டி. அன்னக்கொடி மறித்தாள். கருப்பசாமி விற்க வேண்டாமென்று சொன்னதை எப்படி விற்பது என்றாள். அய்யா முகம் பார்க்கக் கொடுத்து வைக்காதது தன் விதி, காரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது என்றாள். அவளே சோணையைக் கூப்பிட்டு, எதையெல்லாம் மாற்ற வேண்டுமோ மாற்று என்று சொல்லிவிட்டாள். சோணை தலையைச் சொறிந்துகொண்டு விருமாண்டியைப் பார்த்தான். விருமாண்டி தரையைப் பார்த்தார்.

விற்க வேண்டுமானால் பொய்யைச் சொல்ல வேண்டும். சொன்னால், மாசியிலேயே போயிருக்க வேண்டிய கார் அது என்றாகும். கார் இல்லாத வீட்டிலிருந்து பத்தரை மணிக்கெல்லாம் பஸ் ஏறியிருப்பாள் என்றாகும். சொல்லாமல் இருந்தாலோ, சாமியின் சொல் என்று அவள் அந்தக் காரைக் கும்பிட்டுக்கொண்டே இருப்பாள். சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துகொண்டார். ஒன்பது நாள் அப்படி ஓட்டினார்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிழிந்த முன் சீட்டு உறையைக் கழற்றி மடியில் போட்டுக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள் அன்னக்கொடி. அய்யா உக்காந்த எடம், கிழிஞ்சு கெடக்கக் கூடாது என்றாள். நூல் தீர்ந்ததும் கோர்த்துத் தரச் சொல்லி ஊசியை நீட்டினாள். அவர் கோர்த்துக் கொடுத்தார். கொடுத்த கையை எடுக்காமலே சொன்னார்.

"ரெண்டுலயும் வெள்ளப் பூவத்தான் கட்டுனேன் அன்னக்கொடி."

அவள் நிமிரவில்லை. நாலு தையல் போட்டாள். பிறகு, "பஸ்ஸுல போறேன்னேனே" என்றாள். அவ்வளவுதான். ஊசியை உறையிலேயே குத்திவைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அதன்பிறகு அந்தக் காரை விற்கவும் சொல்லவில்லை, வைத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. சோணை இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டு, வருவதை நிறுத்திக்கொண்டான். சிக்கந்தர் பாய் ஆள் அனுப்பினார். விருமாண்டி பதில் சொல்ல மனைவியின் முகத்தைப் பார்க்க, அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் எதிர் மனையில் அப்படியே நின்றது.

முன் சீட்டு உறையில் இன்னும் ஒரு சாண் தைக்க வேண்டியிருக்கிறது.