தொண்ணூற்றொன்றாம் நாள்

புதுச்சேரியின் சாரம் பகுதியில் என் எதிர்வீட்டில் வசிக்கும் தேவதாஸ், அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு ஆண்டுகளில் நாற்பத்தொரு சிறுகதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். ஒன்றுகூட அச்சாகவில்லை. பெரும்பாலானவற்றுக்குப் பதிலும் இல்லை. ‘தொண்ணூறு நாள்களில் தகவல் வராவிடில் கதை ஏற்கப்படவில்லை எனக் கொள்க’ என்பது அவர் மிகவும் மதித்த மாத இதழின் விதி. கதை அனுப்பிய அன்றே நாள்காட்டியில் தொண்ணூறாம் நாளைச் சுழித்துவைப்பார். அதுவரை அக்கதையை வேறெவருக்கும் காட்டமாட்டார், எனக்குக்கூட.

நாற்பத்தொன்றாவது கதை நன்றாக அமைந்திருந்தது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வாங்கி விற்கும் ஒருத்தி, கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனின் பெயரிலேயே ஏலம் கேட்கிறாள்; கடைசிப் பத்தியில்தான் தன் பெயரை உரக்கச் சொல்கிறாள். இதழுக்கு அனுப்பினார். தொண்ணூறு நாள் கடந்தது. மறுநாள் காலை குடியிருப்போர் சங்கச் செயலர் பலராமன் வந்து நின்றார்.

“ஆண்டு மலர்ல ரெண்டு பக்கம் காலியா கெடக்குது சார். எதுனா எழுதி வச்சிருப்பீங்களே, குடுங்க.”

‘எதுனா’ என்றது தேவதாஸைச் சுட்டது. ஆயினும் அந்தக் கதையைக் கொடுத்தார். மலர் வெளிவந்தபோது கடைசிப் பத்தி இல்லை. அவ்விடத்தில் ஓர் இனிப்பகத்தின் விளம்பரம் இருந்தது.

“கடைசி நேரத்துல வந்துச்சு சார். கதை புரியுதுல்ல, அப்புறம் என்ன?” என்றார் பலராமன்.

மூன்று வாரம் கழித்து இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கதை தேர்வாகியுள்ளது, தாமதத்துக்கு வருந்துகிறோம், வேறெங்கும் அச்சாகவில்லை என உறுதியளிக்கவும். கைபேசியும் கையுமாகத் தேவதாஸ் என் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி செல்வாம்பாளும் வந்தார்.

“நீங்களே சொல்லுங்கண்ணா. அந்த மலர எவன் படிச்சான்? எங்க வீட்டுலயே வடையில எண்ணெ ஒத்தறதுக்குக் கிழிச்சிட்டேன். எங்கியும் வரலன்னு ஒரு வரி எழுதிட்டா என்னவாம்?”

“வந்திருக்கு, செல்வா.”

“முடிவே இல்லாம போட்டது வந்த கணக்கா? முப்பது வருசம் ஆபீஸ்ல ஒரு பொய்கூடவா சொல்லல நீங்க?”

ஒரு வரி எழுதிவிடுங்கள் என்றே நானும் சொன்னேன். அதற்காக நான் இன்றும் நாணவில்லை.

அவர் என் கூடத்தில் அமர்ந்து உண்மையை எழுதினார். மலர் இருநூறு படிகள் அச்சானது, கடைசிப் பத்தி விடுபட்டது, தொண்ணூற்றொன்றாம் நாளில்தான் கதையைக் கொடுத்தது, எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதினார். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. இத்தனை ஆண்டுகளில் அவருக்கு இவ்வளவு விரைவாக எந்தப் பத்திரிகையும் பதில் எழுதியதில்லை. ‘ஒருமுறை அச்சேறியதை நாங்கள் வெளியிடுவதில்லை. தங்கள் நேர்மைக்கு நன்றி.’

செல்வாம்பாள் எழுந்து போய்விட்டார்.

அதன்பின் தேவதாஸ் எதுவும் எழுதவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“நேர்மைக்கு நன்றி சொன்னாங்க சார். கதை எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதல, பாத்தீங்களா?” என்றார்.