கன்னத்தில் ரேடியம் ஊசி

ஆம்பூரில் என் வீட்டுக்காரருக்குத் தோல் மண்டியில் வேலை. நானும் அங்கேயே ஆட்டு ரோமம் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். மண்டி நாற்றத்துக்கு வெற்றிலை புகையிலை இல்லாமல் முடியாது. இடது கன்னத்தின் உள்ளே ஒரு புண் வந்தது; என்ன செய்தும் ஆறவில்லை. ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த பெண் டாக்டர் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, இது புற்று, ரேடியம் வைத்துச் சுட வேண்டும் என்றார்.

மயக்கம் கொடுத்து, ரேடியம் அடைத்த ஊசிகளைக் கன்னத்துச் சதைக்குள் செருகிப் பட்டு நூலால் தைத்தார்கள். நூல் நுனிகள் உதட்டோரம் தொங்கின. தனி அறை, ரேடியத்தின் கதிர் படும் என்று யாரும் கிட்டே வரக் கூடாது. நர்ஸ் கஞ்சியை வைத்துவிட்டு உடனே போய்விடுவாள். வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்று, "இன்னா, வலி ஜாஸ்தியா?" என்பார். எனக்குப் பேச வராது. தலையை மட்டும் அசைப்பேன். கதவும் பூட்டு, வாயும் பூட்டு என்று இருந்தது.

ஊசிகளை எடுத்த அன்று வீட்டுக்குப் புறப்படலாம் என்று புடவையை மடித்து வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் ஓர் ஊசி குறைந்தது. டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"முழுங்கிட்டியாம்மா? நல்லா யோசிச்சுப் பாரு."

எனக்கு எப்படித் தெரியும்? கையை விரித்தேன். எடுத்த ஊசிகளைக் கொண்டுபோய்விட்டு, கதவை மறுபடி சாத்தினார்கள். படுக்கையை உதறினார்கள், என் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். அது வயிற்றில் கிடந்து என்னை உள்ளேயே சுடுகிறது என்று நினைத்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியோடு வந்தார். உள்ளே மெல்லிய தங்கத் தகடு ஒன்று விரிந்து நின்றது.

"ரேடியம் பக்கத்துல இருந்தா இது மடங்கிடும்" என்று என் வயிற்றருகே பிடித்தார்.

மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். தகடு அசையவில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் கொல்லையில் குப்பைக் குழிக்குப் போனார். என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு பின்னால் போவதை ஜன்னலில் பார்த்தேன். டாக்டர் பெட்டியைப் பிடித்துப் பார்த்துக் காட்டிய இடத்தில் வெகுநேரம் தோண்டினார். கடைசியில், நான் எச்சில் துடைத்துப் போட்ட பஞ்சு ஒன்றுக்குள் ஊசி இருந்தது.

வீட்டுக்காரர் கதவருகே வந்து நின்றார். கையெல்லாம் மண்.

"கெடச்சிட்ச்சு. வா, போலாம்."

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தேன். அவரே உள்ளே வந்து என்னைப் பிடித்துத் தூக்கினார்.

புண் ஆறிவிட்டது. கன்னம் மட்டும் இழுத்துப் பிடித்து, வாய் பாதிதான் திறக்கிறது. சின்னச் சின்னக் கவளமாகச் சாப்பிட நெடுநேரமாகும். அவர் தன் தட்டை முடித்துவிட்டும் எழாமல் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.