நாற்பத்திரண்டாவது மீட்டர்

பாட்டில் மூடியைத் திருகி, அரை டம்ளர் தண்ணீரைச் சாலை நடுவில் ஊற்றிவிட்டு, அந்த அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் ஒரு சரக்கு வண்டி ஹாரன் அடிக்கிறது. கையை மட்டும் தூக்கி நிறுத்திக் காட்டுகிறார், தலையைத் திருப்பவில்லை. தண்ணீர் கொஞ்ச நேரம் தயங்கி நின்று, பிறகு நூலாகப் பிரிந்து, மளிகைக் கடைப் பக்கம் ஓடுகிறது.

"பாத்தீங்களா, உங்க கடைக்குத்தான் வருது. நான் சொன்னா நம்ப மாட்டேன்னீங்க."

கடைக்காரர் விடுவதாக இல்லை. "அது நீங்க ஊத்துன தண்ணிம்மா. மழைத் தண்ணி அப்படி வராது."

"ஏன், அது வேற பள்ளிக்கூடத்துல படிச்சுதா?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளை எடுக்கிறார்.

நகர மன்ற அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக ஓவர்சியர். சாலைக்கும் வடிகாலுக்கும் அவர்தான் பொறுப்பு. நேரில் "ஓவர்சியரம்மா" என்று கூப்பிடுகிறவர்கள், அவர் தலை மறைந்ததும் "மட்டம்" என்பார்கள். எந்தத் தகராறு வந்தாலும் "மட்டம் பாத்துட்டுச் சொல்றேன்" என்பதுதான் அவருடைய முதல் பதில் என்பதால் வந்த பெயர். ஒருநாள்கூட லீவு எடுக்காதவர் என்பதால் அலுவலகத்தில் இன்னொன்றும் சேர்த்துச் சொல்வார்கள்: "மட்டம் மட்டும் மட்டமே போடாது." இதெல்லாம் தன் காதுக்கு வராது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா தொலைபேசியில் யார் என்று கேட்டதற்கு, "மட்டம்தான் பேசுறேன், பெரிய மோட்டார எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார். அன்றோடு அந்த ரகசியம் தீர்ந்தது.

கொளுத்தும் வெயிலிலும் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். தோளில் பதினொரு பாக்கெட் வைத்த கித்தான் பை. தையற்கடை வைத்திருக்கும் அவருடைய கணவர் தைத்துக் கொடுத்தது. பத்துப் பாக்கெட்டுக்கும் பொருள் உண்டு. பதினொன்றாவது எதற்கு என்று கேட்டால், "கோவத்தப் போட்டு வைக்கிறதுக்கு" என்று கணவர் சொல்கிறார். அவருக்கு மனைவியைப் பற்றி ஒரே ஒரு குறைதான். எந்த உறவினர் வீட்டுக்குப் போனாலும் வாசல் சாக்கடையை எட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே போவாராம். "இவ மனுசங்களப் பாக்க வர்றதே இல்லங்க."

அலுவலக மாடியில் பின்பக்க அறை அவருடையது. சுருட்டிய வரைபடங்கள் ஒரு பழைய வாளியில் குடைகளைப் போல நிற்கும். மேசைக்கு ஒரு கால் குட்டை. பென்சிலை வைத்தால் இடது பக்கம் உருண்டு கீழே விழும். ஊரையெல்லாம் மட்டம் பார்க்கிறீர்களே, உங்கள் மேசையைப் பார்க்கக் கூடாதா என்று கேட்டால், "அது ஆபீஸ் சொத்து. நம்ம செக்‌ஷன்ல வராது" என்பார். முகத்தில் சிரிப்பு இருக்காது.

புகார் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் கத்திக்கொண்டேதான் படியேறுவார்கள். அவர் உட்காரச் சொல்ல மாட்டார், சமாதானமும் சொல்ல மாட்டார். "தண்ணி எத்தனாவது படி வரைக்கும் வந்துச்சு?" என்று மட்டும் கேட்பார். கத்த வந்தவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். ரெண்டாவது படியா, மூணாவதா? யோசித்து முடிப்பதற்குள் பாதிக் கோபம் போயிருக்கும்.

பள்ளத் தெருக்காரர்கள் மட்டும் யோசிக்காமலே சொல்வார்கள். பதினான்கு வீடுகள், பெயருக்கேற்ற பள்ளம். மழை ஒருமணி நேரம் பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்து மூன்று நாள் தங்கும். அங்கே கட்டில்கள் எல்லாம் செங்கல் மேல் நிற்கும். ஆறு வருடமாக அந்தத் தெருவுக்கு வடிகால் போடுவதாகத் தீர்மானம் போட்டுப் போட்டு ஒத்திவைத்தார்கள். போன வருடம்தான் அனுமதி வந்தது. எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதை மன்றம் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, கடைகள் இருக்கும் பெரிய சாலை. அதை எப்படியும் புதிதாகப் போடப் போகிறார்கள். கையோடு வடிகாலையும் போட்டுவிடலாம். இன்னொன்று, பக்கத்துச் சந்து. அந்தச் சந்தில்தான் ஓவர்சியரின் அக்கா வீடு.

அக்காவின் கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். மூன்று வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து சக்கர நாற்காலிதான். நாற்காலி வெளியே வர ஒரு சாய்தளம் தேவைப்பட்டது. வாசல் ஓரடி உயரம். அடிக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் ஒற்றைக் கையால் சக்கரத்தைத் தள்ளி ஏற முடியும். வீட்டு முற்றம் எட்டடிதான். மீதி நாலடி சந்துக்குள் நீண்டது. அது பொதுச் சாலை, ஆக்கிரமிப்பு என்று நன்றாகத் தெரிந்த தங்கைதான் கூடவே நின்று கட்டினார். ஊரில் எத்தனையோ பேருடைய படிக்கட்டை அளந்து நோட்டீஸ் கொடுத்த ஓவர்சியர், அந்த ஒரு வாரம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். சாய்தளம் முடிந்த அன்று மாமா நாற்காலியில் சந்துக்கு இறங்கி, "ரைட், போலாம்!" என்று கத்தியதைக் கேட்டு அக்கா கதவுக்குப் பின்னால் நின்று அழுதார்.

மன்றக் கூட்டத்தில் சேர்மன் பெரிய சாலை என்றார். நல்ல மனிதர், யார் மனத்தையும் புண்படுத்த மாட்டார். அதனாலேயே பல வேலைகள் நடக்காது. உறுப்பினர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். சுவரோரமாக ஊழியர்கள் உட்காரும் நாற்காலியிலிருந்து ஓவர்சியர் எழுந்தார். கேட்டால்தான் பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

"சார், பெரிய ரோட்டுல அச்சகத்து வளைவுல ஏழு அங்குலம் மேடு. தண்ணி ஏறாது."

"ஆழமா வெட்டிக்கலாமேம்மா?"

"ஆழமா வெட்டினா, கடைசில போய்ச் சேர்ற ஓடைக்கும் கீழ போயிடும். ஓடைத் தண்ணி திரும்பித் தெருவுக்குள்ள வரும். சந்து வழியா போனா தானா இறங்கிடும் சார்."

சேர்மன் குரலைத் தாழ்த்தினார். மைக்கை அணைக்க மறந்துவிட்டதால் கூடம் முழுக்கக் கேட்டது. "அந்தச் சந்துலதானேம்மா உங்க அக்கா வீடு? உங்களுக்கு ஏன் சங்கடம்னுதான்..."

"வடிகால்ல நாப்பத்திரெண்டாவது மீட்டர்ல வருது சார். வாசல் சரிவு நாலடி ரோட்டுல இருக்கு. எடுக்கணும்."

கடைத்தெரு உறுப்பினர் சிரித்தார். "ஆக்கிரமிப்புன்னு எழுதினா, யாரு கட்டினதுன்னு ஒரு கட்டம் இருக்குமே. அதுல என்னம்மா எழுதுவீங்க?"

"எழுதிட்டேன்" என்று தாளைத் திருப்பிக் காட்டினார். அவருடைய பெயர்தான் இருந்தது.

தீர்மானம் நிறைவேறியது. ஒரு வாரம் கழித்து அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வடிகால் வேலைக் கோப்பைப் பராமரிப்பவரும் அவரே என்பதால், எண் போட்டுத் தன் கையாலேயே கோத்து வைத்தார். அன்று மத்தியானம் கை கழுவப் போனவர் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்ததைத் துப்புரவு அம்மா பார்த்திருக்கிறார். குழாய் சொட்டினாலே ஊரைக் கூட்டுகிறவர்.

அக்கா வீட்டு நோட்டீஸை ஊழியரிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். தானே கொண்டுபோனார். அக்கா இரண்டு முறை படித்தார்.

"இதுல கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான்."

"கட்டினவளும் நீ, இடிக்கிறவளும் நீ. நடுவுல நாங்க யாருடி?"

"பள்ளத் தெருவுல பதினாலு வீடுக்கா..."

"அவங்கல்லாம் உன்கூடப் பொறந்தவங்களா?"

உள்ளே இருந்து மாமா குரல் கொடுத்தார். "ரூட்ட மாத்தினா டிரைவர் என்ன பண்ணுவான்? விடு, விடு."

"நீங்க சும்மா இருங்க" என்று கதவைச் சாத்தினார் அக்கா. அதோடு பேச்சு நின்றது.

இடிக்கிற அன்று காலையில் ஓவர்சியர் எட்டு மணிக்கே வந்து சந்தில் நின்றார். கடப்பாரை லேசில் இறங்கவில்லை. வியர்த்துப்போன தொழிலாளி நிமிர்ந்து, "என்னம்மா இது, இரும்பு மாதிரி இருக்கு! இவ்வளவு கெட்டியா யாரு கட்டினாங்க?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவங்கதான்" என்றார் ஓவர்சியர்.

பள்ளம் தோண்டியதும் மாமா வீட்டுக்குள் அடைபட்டார். பலகை போட்டு இறக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஓவர்சியர் ஒப்புக்கொள்ளவில்லை, பலகை செங்குத்தாக நிற்கும், நாற்காலி குப்புற விழும். அதுவும் அக்காவின் கணக்கில் இன்னொரு குற்றமாகச் சேர்ந்தது. மாமாவோ ஜன்னலை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வண்டியே இல்லாத சாலையைப் பார்ப்பதுபோல் நாள் முழுக்கப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவர்சியர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "இங்க வா, உங்க அக்கா குளிக்கிறா" என்று கிசுகிசுப்பார். மூன்று நிமிடம் பேசுவார்கள். ஆழம் எவ்வளவு, கம்பி எத்தனை, நாளைக்கு என்ன வேலை என்று அவருக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

ஒருநாள் அப்படிக் கூப்பிட்டவர் கிசுகிசுக்கவில்லை. "அந்தக் கடைசி மூணு மீட்டர் இருக்கே, ஜல்லியே போடல. வெறும் மண்ணு மேல கான்கிரீட்டக் கொட்டிட்டானுங்க. நான் இங்கேருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்."

ஓவர்சியர் பள்ளத்தில் இறங்கி ஓரத்தில் கம்பியால் குத்திப் பார்த்தார். ஈர மண் வந்தது. காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு மூன்று மீட்டரையும் உடைக்கச் சொன்னார்.

"யாரும்மா உங்ககிட்ட சொன்னது?"

"மேற்பார்வைக்கு ஆள் போட்டிருக்கேன்."

உடைத்துத் திரும்பப் போட்டதில் நாலு நாள் கூடிப்போனது. மாமா அடைபட்டுக் கிடந்தது மொத்தம் இருபத்து மூன்று நாள். கூடுதல் நாலு நாளுக்குக் காரணம் தன் வீட்டுக்காரர்தான் என்று தெரிந்ததும் அக்கா ஜன்னலை அறைந்து சாத்தினார். அவர் இடது கையால் மெதுவாகத் திறந்துகொண்டார்.

வேலை முடிந்து மேலே பலகைக் கற்களால் மூடியதும், பழைய இடத்திலேயே சரிவைக் கட்டிக்கொள்ளலாமே என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். "மூடி மேல கட்டினா நாளைக்கு எப்படித் தூர் வார்றது? இவங்களுக்கு விட்டா சந்து பூரா கேக்கும்" என்று ஓவர்சியரே மறுத்துவிட்டார். மாமாவைத் தினமும் சாயங்காலம் ஓவர்சியரின் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியோடு தூக்கிச் சந்தில் இறக்கினார்கள். தூக்கப்படுவது மாமாவுக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் கத்திக்கொண்டே இறங்கியவர், இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஓவர்சியர் அதைத் தெரு முனையிலிருந்து ஒரே ஒருமுறை பார்த்தார். மறுபடி அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வரவில்லை.

முதல் பெருமழை ஒரு மத்தியானம் வந்தது. அவர் பள்ளத் தெருவில் போய் நின்றார். தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது. பதினான்கு வாசல்களிலும் ஆட்கள் நின்று, தண்ணீரைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடிகாலின் ஏழாவது மீட்டரில் சரிந்து விழுந்த ஒரு சாக்குப்பை அடைத்துக்கொண்டிருந்தது. மண்டியிட்டுத் தோள் வரை கையை விட்டு இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் தெரு ஓரமாக ஒரு சுழல் விழுந்தது. தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. மூன்றாவது வீட்டுப் பெண் குனிந்து தன் முதல் படியைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் அதற்கு மேல் ஏறியிருக்கவில்லை. "ஓவர்சியரம்மா, உள்ள வாங்க, தலையத் துவட்டிக்கிட்டுப் போங்க" என்றார். "இருக்கட்டும், இன்னொரு எடம் பாக்கணும்" என்று நடந்தார்.

சந்தில் பலகைக் கற்களுக்கு அடியில் தண்ணீர் கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது. நாற்பத்திரண்டாவது மீட்டரில் நின்று கேட்டார். அக்கா வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கூப்பிடாமலே அக்கா வீட்டுக்குள் போய்விட்டார். முற்றத்துக்குள்ளேயே சரிவைச் சுவரோரமாகக் கொண்டுபோய் வளைத்துத் திருப்பினால் பன்னிரண்டடி கிடைக்கும். குறுக்கே இருக்கும் துவைக்கிற தொட்டியை மட்டும் எடுக்க வேண்டும். மூன்று வருடம் முன்பே அதைச் சொல்லியிருக்கலாம். தொட்டி அக்காவுடையது, மாமியாரிடம் சண்டை போட்டு வாங்கியது, அதைக் கேட்கத் தைரியம் இல்லாமல்தான் சுலபமாகச் சாலையை எடுத்துக்கொண்டார். இன்றும் கேட்கவில்லை. அளக்க ஆரம்பித்தார். அளவு நாடாவின் நுனியை ஒரு கல்லால் அழுத்தி வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் இழுத்தார்; கல் புரண்டது, நாடா சுருண்டு திரும்பி வந்தது. மறுபடி வைத்தார். மறுபடி புரண்டது.

சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். தங்கையைப் பார்க்கவில்லை, குனியவும் இல்லை. கல்லைக் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, நாடாவின் நுனியைக் கட்டைவிரலால் இறுக்கி மிதித்துக்கொண்டு, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.