பதினெட்டு டெட்ரா மீன்கள்

புரோத்ராபூரில் குடியிருந்த சிவஞானம் மின்துறையில் லைன்மேன். பக்கவாதத்தில் மனைவி ஷோபனாவுக்குப் பேச்சு போன பிறகு, பதினெட்டு நியான் டெட்ரா மீன்களை வாங்கிக் கூடத்தில் தொட்டி வைத்தார். நீலமும் சிவப்புமாய், விரல் நீளம்கூட இல்லாத சாதுவான மீன்கள். ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பும். ஷோபனாவின் கண்களும் கூடவே திரும்பும். வேறு எதையும் அவள் அப்படிப் பார்ப்பதில்லை.

அந்தக் கோடையில் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. தொட்டிக்கென்று குளோரின் போக இரண்டு நாள் வாளியில் ஆறவைக்கும் தண்ணீரும் சமையலுக்குத் தீர்ந்துவிட்டது. தொட்டியில் மட்டம் இறங்கவே, அன்று காலை லாரியில் வந்த தண்ணீரை அப்படியே நாலு குடம் ஊற்றினார். ஊற்றிய பிறகுதான் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது.

கால் மணி நேரத்தில் கூட்டம் சிதறியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மீன் விற்ற நௌஷாத்துக்குப் போன் போட்டார்.

"குளோரின் எடுக்கிற மருந்து இருக்கா தம்பி?"

"தீந்துபோச்சுண்ணே. தீவுக்குக் கப்பல் வந்தாத்தான் கிடைக்கும். ஜல்தி வேற தண்ணி மாத்துங்க."

குடத்தோடு பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவிடம் ஓடினார். "குவா சூக் கயா, தாதா," என்று அவர் வறண்ட கிணற்றைக் காட்டினார்.

உடன் வேலை பார்க்கும் கிருஷ்ணமூர்த்திக்குப் பெரார்கஞ்சில் தோப்பும், அதில் ஓடையும் உண்டு. ஷோபனாவைப் பார்த்துக்கொள்ளும்படி அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு பறந்தார். வழியெல்லாம், "கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார்.

திரும்பும்போது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வாசலிலேயே சத்தம் கேட்டது. ஷோபனா அசையும் இடது கையால் நாற்காலியை அடித்துக்கொண்டிருந்தாள். வங்காளி அம்மா அவள் தோளைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். பதினைந்து மீன்கள் வெளுத்து மிதந்தன.

மிச்சம் மூன்றை, தொட்டியில் மாற்றி ஊற்றிய ஓடைத் தண்ணீரில் விட்டார். அவை தொட்டிக்குள் இருந்த பம்புக்குப் பின்னால் ஒளிந்தன. கூட்டம் இல்லாவிட்டால் பயந்து வெளியே வராது என்றான் நௌஷாத். புது மீன் எப்போது வரும் என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஷோபு, மூணு இருக்கும்மா. பாரேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாலு நாள் கழித்து நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டார். அங்கேயும் அவள் எதையும் பார்க்கவில்லை.