இந்துமதி கையெழுத்துப் போட்ட எண்ணெய்

டிரம்மின் மூடி ஓரமாகச் சரிந்து கிடந்தது. இந்துமதி உள்ளே எட்டிப் பார்த்தாள். மூன்று பல்லிகள் மிதந்தன. ஒன்று ஊதிப்போய் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அப்படியும் மிளகும் கிராம்பும் கலந்த காரநெடி தொண்டைக்குள் இறங்கியது.

திருமயத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை அது. வலித்தைலம் பாட்டிலில் அடைத்து விற்கும் சின்ன கம்பெனி. இந்துமதி பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவள், முப்பத்தெட்டு வயது. கணவன் ரகுநாத் சவூதியில் டிரைவர். ஆறு வருடமாக அவள்தான் இந்தக் கம்பெனியில் ‘குவாலிட்டி’. பேட்ச் தாளில் அவள் கையெழுத்து விழுந்தால்தான் சரக்கு வெளியே போகும்.

முதலாளி குமரப்பனுக்குப் போன் போட்டாள்.

“சார், கோடை முழுக்க டிரம் தொறந்தே கெடந்திருக்கு. பல்லி விழுந்து செத்துக் கெடக்கு.”

“வடிகட்டிருங்க. துணி இல்லையா?”

“பல்லியை எடுத்துரலாம் சார். எண்ணெயே கெட்டுப்போச்சு.”

“வாசம் வருதுல்ல? அது போதும்.”

டிரம்மின் மேல் ‘கிராம்பு எண்ணெய்’ என்று எழுதியிருந்தது. உண்மையில் அது கிராம்பு எண்ணெயே இல்லை. கிராம்பெண்ணெயிலிருந்து அதன் முக்கியச் சத்தான யூஜினாலைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் மட்டமான சரக்கு. அதில் பெரும்பகுதி காரியோஃபிலீன். மிளகிலும் கிராம்பிலும் துளசியிலும் தானாகவே இருக்கிற வாசனைப் பொருள்தான். உணவுக்கு மணமூட்டத் துளித்துளியாகச் சேர்ப்பார்கள், அந்த அளவில் கெடுதல் இல்லை. எலிகளுக்குக் கொடுத்ததில் வீக்கமும் வலியும் குறைந்ததாகப் படித்திருக்கிறாள். மனிதர்களுக்கு அப்படி உறுதியாகச் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை. ஆனால் காற்றுப் படப்பட அது வேறொன்றாக மாறும். சிலர் தோலில் அரிப்பைக் கிளப்பும்.

டிரம்மில் கிடந்தது பழுப்பேறி, கோந்துபோலக் கையில் ஒட்டியது. பாட்டில் நிரப்பும் ஷர்லியின் விரலிடுக்கெல்லாம் ஒரு வாரமாகச் சிவந்து, தோல் உரிந்து, நீர் வடிந்தது.

“சோறு பெசைய முடியலக்கா. எரியுது,” என்றாள் ஷர்லி. “எம் புள்ளைய தொடவே பயமா இருக்கு.”

வியாழக்கிழமை குமரப்பன் நேரில் வந்தார். புது லேபிளை மேசையில் வைத்தார். ‘கைக்குழந்தை வயிற்று வலிக்கு இரண்டு சொட்டு உள்ளுக்கு’ என்று அச்சாகியிருந்தது.

“உள்ளுக்கா?” என்றாள் இந்துமதி.

“ரசத்துல மொளகு போட்டுக் குடிக்கலையா? அதுல இருக்கறதுதான இது?”

“மொளகுல இருக்கறது துளியூண்டு சார். இது மொத்தமும் அது. கொழந்தைக்குப் பொரையேறி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா உசுருக்கே ஆபத்து. பல்லி கெடந்த எண்ணெய் வேற.”

அவர் சிரித்தார். நேற்று வடிகட்டிய பாட்டிலைத் திறந்து, நுனிவிரலில் தொட்டுத் தன் மணிக்கட்டில் தேய்த்து முகர்ந்தார். “அருமையா இருக்கு. இதே டிரம்லேருந்து போன மூணு பேட்சுக்குக் கையெழுத்துப் போட்டப்ப இந்தச் சட்டமெல்லாம் எங்க போச்சு?”

அந்த மூன்று பேட்சையும் அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேள்வி கேட்டால் வேலை போய்விடுமென்று தாளை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தன் கையைப் பார்க்க அதைவிட.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஒரு பாட்டில், புது லேபிள், ஷர்லியின் கைப்புண்ணை எடுத்த போட்டோ மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். பாதி வழியில் மூடி கசிந்து பை நனைந்தது. பக்கத்து சீட்டுக்காரர், “யாரும்மா பிரியாணி கொண்டு போறது?” என்று ஆசையாகக் கேட்டார். இந்துமதி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள்.

மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் இருந்த அதிகாரி சொர்ணவல்லி, அவள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார்.

“இதுல ஒங்க கையெழுத்தும் மாட்டும். தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

அடுத்த வாரம் கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள். சாம்பிள் பரிசோதனைக்குப் போனது. இந்துமதி பேரிலும் விசாரணை வந்தது. வேலை போன பெண்கள் எட்டுப் பேர் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். ஷர்லி மட்டும் திட்டவில்லை, பேசவும் இல்லை.

கடைகளுக்குப் போன சரக்கைத் திரும்பப் பெற உத்தரவு வந்தும் குமரப்பன் அசையவில்லை. இந்துமதி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, தான் கையெழுத்துப் போட்ட பேட்ச் எண்களைத் தாளில் எழுதிவைத்து, கடைகடையாக ஏறி இறங்கினாள். பல கடைக்காரர்கள் முறைத்தார்கள். சிலர் எடுத்துக் கொடுத்தார்கள்.

கொடும்பாளூரில் ஒரு மளிகைக்கடையில் மிச்சம் ஒரு பாட்டில்தான் இருந்தது. “போன வாரம் செவந்தி ஒண்ணு வாங்கிட்டுப் போச்சு. கைப்புள்ளக்காரி,” என்றார் கடைக்காரர்.

வீட்டைக் கேட்டுக்கொண்டு ஓடினாள். தொட்டிலில் ஐந்து மாதக் குழந்தை தூங்கியது. அதன் நெஞ்சிலும் வயிற்றிலும் திட்டுத்திட்டாகச் செம்புள்ளிகள்.

“உள்ளுக்குக் குடுத்தீங்களா?” இந்துமதி தொட்டிலருகே குனிந்தாள்.

“இல்லீங்க. சளிக்குத் தடவத்தான் செஞ்சேன். வேர்க்குருன்னு நெனச்சேன். நீங்க யாருங்க?”

“அந்த எண்ணெய் நல்லதுன்னு கையெழுத்துப் போட்டவ.”

செவந்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பாட்டிலை எடுத்துவந்து, கையில் தராமல் தரையில் வைத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: “ஆஸ்பத்திரிக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போவணும். வண்டிய எடுங்க.”