நாலு அங்குலம் தூக்கிய ஜீப்

வீல் அலைன்மெண்ட் கடைக்கு வருகிற யாரும் தன் வண்டி கோணல் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ரோடு கோணல் என்றுதான் சொல்வார்கள்.

காரைக்காலிலிருந்து டி.ஆர். பட்டினம் போகிற சாலையில் எங்கள் கடை. சக்கரத்துக்கடியில் குனிந்து வேலை பார்ப்பது என் வீட்டுக்காரர் ராஜேந்திரன். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து "இன்னும் கொஞ்சம், போதும், ஐயையோ ஜாஸ்தி" என்று அதட்டுவது நான், வசந்தி. அவருக்கு முதுகில் டிஸ்க் கோளாறு என்பதால் டிரையல் ஓட்டுவதும் நானே. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஜீப்பை உயரமாகத் தூக்கி, டிராக்டருக்குச் சித்தப்பா மாதிரி டயர் மாட்டி, அதற்கப்புறம் "ரோட்டில் ஏன் இப்படி ஆடுகிறது?" என்று கேட்கிற ஆள் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் அந்த ஆள் நீங்களாகத்தான் இருக்கும். வெட்கப்படாதீர்கள், பக்கத்தில் வந்து உட்காருங்கள். எங்கள் பங்குக்கு வாய்த்தவர் அறிவழகன் சார்.

மலை இல்லாத ஊரில் மலை வண்டி

சார் கோட்டுச்சேரிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கொஞ்சம் நிலமும் உண்டு. பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கி நேரே எங்களிடம் வந்தார். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். பாறை மேல் ஒரு ஜீப் ஏறி நிற்கிறது. அதே மாதிரி நாலு அங்குலம் தூக்கி, சேற்று டயர் போட வேண்டுமாம். எங்கள் ஊரில் இருக்கிற பெரிய ஏற்றம் அரசலாற்றுப் பாலம்தான். "ரோட்டுல ஆடும் சார், பிக்கப்பும் போயிடும்" என்று என் வீட்டுக்காரர் ஒரு தடவை சொன்னார். ஒரே ஒரு தடவைதான். ஊரிலேயே முதலில் இப்படி ஒரு வண்டி செய்த பெருமை தனக்கு வரட்டும் என்று அவருக்கும் உள்ளூர ஆசை. எனக்கும்தான், பொய் சொல்லுவானேன்.

வேலை முடிந்த அன்று சாரின் மனைவி உமா வந்தாள். தபாலாபீசில் கவுண்ட்டரில் இருப்பவள், ஸ்கூட்டரில் போய் வருபவள். வீட்டுக்கு ஒரு சாதாரணக் கார் வேண்டுமென்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். பட்டுப் புடவையோடு ஜீப்பின் படி அருகே நின்று அண்ணாந்து பார்த்தாள். சார் ஓடிப்போய் எங்கள் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அவள் அதில் கால் வைக்கவில்லை. "தை மாசம் என் தம்பி கல்யாணம். மாயவரத்துக்கு இதுலதான் போறோம். போற வழியில ஒரு ஆட்டம், ஒரு குலுக்கல் இருந்தாலும் வித்துடணும், சரியா?" என்றாள். சார் எங்கள் எல்லோர் முன்னாலும் தலையாட்டினார். அப்புறம்தான் ஸ்டூலைப் பார்த்து அவள் சொன்னாள்: "வண்டி வாங்கிட்டீங்க, சரி. ஏணி எப்ப வாங்கப் போறீங்க?"

எலுமிச்சம்பழம்

மறுநாள் காலை தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் பூஜை. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, குருக்கள் கற்பூரம் காட்டி, "ஏத்துங்கோ" என்றார். சார் ஏற்றினார். மூன்று பழம் சொன்னபடி நசுங்கின. நாலாவது, முன்பக்க வலது சக்கரத்துப் பழம், டயரின் இரண்டு பற்களுக்கு நடுவே அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது. சார் பின்னால் எடுத்தார். பழமும் ஒரு சுற்றுச் சுற்றிப் பத்திரமாகத் திரும்பி வந்தது. முன்னால் விட்டார். மறுபடியும் சுற்றியது. ஏழெட்டு தடவை இப்படி நடந்ததில் கற்பூரம் அணைந்தே போய்விட்டது.

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. முதல் நாளே அபசகுனம், கல்யாணத்துக்குள் வண்டி கையைவிட்டுப் போய்விடும் என்று நடுக்கம். எங்களுக்குப் போன் வந்தது. என் வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு போய்ப் பழத்தைத் தோண்டி எடுத்தார். ஒரு கீறல்கூட இல்லாமல் வந்ததாம். ஜூஸ் போட்டுக் குடித்திருக்கலாம். குருக்கள் பழத்தைக் கையில் வாங்கி, டயரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமாதானம் சொன்னார்: "தோஷமெல்லாம் ஒண்ணுமில்லை. இந்த டயருக்கு இனிமே சாத்துக்குடியா வாங்கிண்டு வாங்கோ."

பிக்கப் எங்கே போச்சு?

இரண்டே வாரத்தில் சார் திரும்பி வந்தார். எஞ்சினில் ஏதோ கோளாறாம், இழுவையே இல்லையாம். டிரையலுக்குக் கிளம்பினோம். நான் ஸ்டியரிங்கில், சார் பக்கத்தில். முதல் கியர் சரி. இரண்டாவதில் முனகியது. மூன்றாவதில் "என்னை ஏன் எழுப்பினாய்" என்று கேட்டது. ஐந்தாவதைப் போட்டபோது, வண்டி ஓடுகிறதா, போன வேகத்தில் உருள்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. டயர் சத்தம் வேறு ஊளை மாதிரி. இரண்டு நாய்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றன.

எஞ்சின் மேல் ஒரு குறையும் இல்லை. டயரைப் பெரிதாக, கனமாக மாட்டிவிட்டு, சுற்றுகிற கையை மட்டும் பழையபடியே விட்டால் இப்படித்தான். ஆட்டுக்கல்லை இரண்டு மடங்காக்கிவிட்டு மாவு ஏன் சீக்கிரம் அரையவில்லை என்று கேட்பது போல. இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் இரண்டு ஐஸ் பெட்டி கட்டிய மொபெட் ஒன்று எங்களைத் தாண்டியது. பட்டினச்சேரி மீன்காரர். தாண்டினவர் சும்மா போயிருக்கலாம். வேகத்தைக் குறைத்து, எங்கள் ஜன்னலுக்கு நேராக வந்து, மேலே நிமிர்ந்து பார்த்து, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "தள்ளி விடணுங்களா சார்?"

கணக்கு வாத்தியாரும் ஸ்பீடோமீட்டரும்

சார் சட்டத்தை மதிக்கிறவர். ஐம்பது என்று போர்டு இருந்தால் முள் ஐம்பதைத் தாண்டாது. அப்படிப் போனவரையே ஒரு நாள் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்திவிட்டார். ஐம்பத்தேழில் வந்தீர்கள் என்றார். சார் சிரித்திருக்கிறார். இந்த வண்டி ஐம்பத்தேழு போகுமா என்று அவருக்கே ஆச்சரியம்.

சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். பானெட் எட்டவில்லை, அதனால் ரோட்டோரத்திலேயே குந்தி எழுத ஆரம்பித்தார். பழைய டயரின் விட்டம் இருபத்தொன்பது அங்குலம். புதியது முப்பத்து மூன்று. முள்ளுக்குப் பழைய டயர்தான் தெரியும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் அது வேகத்தைக் காட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி இப்போது கூடுதல் தூரம் போகிறது. ஐம்பதை முப்பத்து மூன்றால் பெருக்கி இருபத்தொன்பதால் வகுத்தார். விடை ஐம்பத்தாறே முக்காலுக்கும் மேலே வந்து நின்றது. வழியில் போன அவருடைய மாணவர்கள் நாலு பேரும் சைக்கிளை நிறுத்தி விடையைச் சரிபார்த்தார்களாம். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு போலீஸ்காரர் சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்லல சார். நீங்களேதான் நிரூபிச்சிட்டீங்க."

மண்டபத்தூர் மணல்

நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்த ஜீப்புக்கும் ஒரு நல்ல நாள் வந்தது. மண்டபத்தூரில் சாருக்குக் கதிரவன் என்று ஒரு சிநேகிதர், படகு வைத்திருப்பவர். அவர் சொன்னபடி டயரில் பாதிக்கு மேல் காற்றை இறக்கிவிட்டு மணலில் விட்டார்கள். வண்டி துள்ளிக்கொண்டு போனதாம். படகு இழுக்க வந்த டிராக்டர் ஒன்று புதைந்ததை இவர்கள் கயிறு கட்டி வெளியே எடுத்தார்கள். சார் அப்படியே ஆனந்தத்தில் மிதந்தபடி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார், தார் ரோட்டில், அதே காற்றோடு.

வழியில் முதல் வளைவில் ஜீப் மழையில் நனைந்த பந்தல் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால், திரும்பலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் திரும்பியதாம். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தபோது சாரின் சட்டை பிழிந்தால் சொட்டும். கதிரவனுக்குப் போன் போட்டுக் கத்தினார். ஸ்பீக்கரில் பதில் நிதானமாக வந்தது: "மணலுக்கு எறக்குன காத்த ரோட்டுக்கு ஏத்திக்கணும். வாத்தியாருக்கு நான் சொல்லணுமா என்ன?"

பாலம்

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது கடைசிப் பரிசோதனை. சார் ஓட்டினார், நான் பக்கத்தில். அரசலாற்றுப் பாலத்தின் இணைப்பில் சக்கரம் 'டக்' என்று ஏறி இறங்கியது. அவ்வளவுதான். ஸ்டியரிங் அவர் கைக்குள் இடமும் வலமுமாக உதற ஆரம்பித்தது. முன் சக்கரம் இரண்டும் பேயாட்டம். "பிரேக்கை அமுக்காதீங்க, காலை மட்டும் எடுங்க" என்று நான் கத்தினேன். வண்டி வேகம் குறைந்து, உதறல் அடங்கி, ஓரமாக நின்றது. சார் கட்டை விரலை ஸ்டியரிங் கம்பிக்கு உள்ளே விட்டுப் பிடித்திருந்தார். அது சுளுக்கி வீங்கிவிட்டது.

அந்த உதறலின் காரணம் எங்களுக்குத் தெரிந்ததுதான். வண்டியைத் தூக்கும்போது முன் அச்சின் சாய்வு மாறிவிடும். அதைச் சரிசெய்ய இரும்பு ஆப்பு வைக்க வேண்டும். சின்னதாக ஒன்று வைத்து, போதும் என்று விட்டிருந்தோம். பெருமையில் கண் தெரியவில்லை. சாரிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். இரண்டு அங்குலம் இறக்கி, சரியான ஆப்பு வைத்து, கொஞ்சம் சின்ன, ரோட்டுக்கும் ஆகிற டயர் போடலாம், எங்கள் செலவு என்றார் என் வீட்டுக்காரர். சார் கட்டுப்போட்ட விரலோடு ஸ்டூலில் உட்கார்ந்து ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "எறக்கிடுங்க. ஆனா ஒண்ணு வசந்திக்கா, இருபது வருஷமா வாத்தியாரா இருக்கேன். இந்த வண்டி வந்தப்பறம்தான் ஏழாங்கிளாஸ் பசங்க தானா வந்து குட்மார்னிங் சொல்றானுங்க."

மாயவரம்

விரல் சுளுக்கினால் யார் ஓட்டுவது? உமாவிடம் லைசென்ஸ் இருந்தது. எடுத்து ஆறு வருஷம் ஆகிறது; கார் வந்தால் ஓட்டலாம் என்று எடுத்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னோடு டிரையலுக்கு வந்தாள். இறக்கிய பிறகும் உயரம்தான். புடவையைச் செருகிக்கொண்டு, ஸ்டூல் இல்லாமல், கைப்பிடியைப் பிடித்து ஏறிவிட்டாள். முகத்தில் 'வித்துடணும்' என்ற தீர்ப்பு எழுதியிருந்தது. பின்சீட்டில் சார், பிரசவ அறை வாசலில் காத்திருக்கிறவர் மாதிரி.

பாலத்தில் அறுபதில் ஏறினாள். 'டக்'. நான் அவள் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங் அசையவில்லை. மூன்றாவது கியரில் வண்டி ஒழுங்காக இழுத்தது, வளைவில் சொன்ன பேச்சைக் கேட்டது. டி.ஆர். பட்டினம் தாண்டி, இரண்டு பக்கமும் அறுப்புக்கு நிற்கிற வயல். எதிரே வந்த பஸ் டிரைவர் உமாவுக்கு நேர் மட்டத்தில் இருந்தார், அவர் வழிவிட்டார். அவள் உதட்டோரம் லேசாக அசைந்ததைப் பின்சீட்டிலிருந்து பார்க்க முடியாது, நான் பார்த்தேன். வண்டியை நிறுத்தாமலே சொன்னாள்: "வசந்திக்கா, இங்கேர்ந்து பாத்தா வரப்பு வரப்பா அம்புட்டும் தெரியுது. இத்தனை நாளும் இவரு மட்டும் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு."

கல்யாணம் முடிந்த மறுவாரம் சார் கடைக்கு வந்தார், உமாவின் ஸ்கூட்டரில். விரல் ஆறிவிட்டது. மாயவரம் போய்வந்ததில் ஒரு குலுக்கல் இல்லை, வண்டியை விற்க வேண்டாம் என்று உமாவே சொல்லிவிட்டாள். வாழ்த்துச் சொன்னோம். ஆனால் சாரின் முகம் ஜெயித்தவர் முகமாக இல்லை. கொஞ்ச நேரம் டயர்களை எண்ணிக்கொண்டு நின்றுவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "வண்டி வீட்டுலதான் இருக்குக்கா. சாவிய உமா எங்க வைக்கிறாள்னுதான் தெரியல."

நேற்று

நேற்று மத்தியானம் ஜீப் கடை வாசலில் வந்து நின்றது. உமா மட்டும், தபாலாபீஸ் சாப்பாட்டு நேரத்தில். டயர் காற்று சரியாக இருந்தது, சாய்வு சரியாக இருந்தது, திரையில் எல்லாம் பச்சை. என்னதான் குறை என்று கேட்டேன். வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து கேட்டாள்: "எறக்குன ரெண்டு அங்குலத்தத் திரும்பத் தூக்கித் தர முடியுமாக்கா? அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

வண்டியை இறக்க எங்களிடம் நாலு விதமான ஜாக்கி இருக்கிறது. அந்த ஜீப்பில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்துவிட்டவரை இறக்கத்தான் இன்றுவரை ஒன்றும் வரவில்லை.